வெறுங்கழுத்து

எங்கள் சபையில் சாட்சி சொல்ல என்னை யாரும் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டாலும் சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றும் கிடையாது. தீராத வியாதி தீர்ந்ததில்லை, குடிகாரப் புருஷன் திருந்தியதில்லை. என் வீட்டுக்காரர் டீயைத் தவிர வேறொன்றும் குடித்தவரில்லை. கல்வராயன் மலையில் அவருக்கு வாத்தியார் வேலை கிடைத்தது, கூடவே நானும் மலையேறினேன். மழைக்காலம் வந்துவிட்டால் அங்கே வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்க வேண்டும். பள்ளிக்கூட அலமாரியில் யாரோ விட்டுப்போன வேதப்புத்தகம் ஒன்று கிடந்தது. பொழுது போகாமல் படித்தேன். படித்ததை நம்பினேன். கொஞ்ச நாள் கழித்து அவரும் நம்பினார். இதை மைக் பிடித்துச் சொன்னால் யார் அல்லேலூயா சொல்வார்கள்?

மறு வருஷம் மலையடிவாரத்தில் கோமுகி ஆற்றில் ரெண்டு பேரும் ஞானஸ்நானம் எடுத்தோம். தண்ணீரில் இறங்குவதற்கு முன் தாலி, கம்மல், மூக்குத்தி, வளையல், மெட்டி எல்லாவற்றையும் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து வைத்தேன். கிறிஸ்தவர்களிலேயே தாலி கட்டிக்கொள்கிறவர்கள் ஏராளம். மாதா கோயிலுக்குப் போகிற பெண்கள் கழுத்து நிறையப் போட்டுக்கொண்டுதான் போவார்கள். எங்கள் சபை அப்படி இல்லை. அதற்காக யாரும் என்னைப் பிடித்துக் கழற்றவில்லை. பாஸ்டர் கூட, நன்றாக யோசித்துக்கொள் அம்மா என்றுதான் சொன்னார். எனக்கு யோசிக்கிற பழக்கம் கம்மி.

என் வீட்டுக்காரரிடம் கழற்றுவதற்கு ஒன்றும் இல்லை, கைக்கடிகாரத்தைத் தவிர. தண்ணீர் புகுந்துவிடும் என்று அதை அவராகவே கழற்றினார். கரையேறியதும் துடைத்துக் கட்டிக்கொண்டார்.

அடுத்த வாரம் சின்னசேலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போனோம். அம்மா முதலில் என் கழுத்தைப் பார்த்தாள். பிறகு எனக்குப் பின்னால் பார்த்தாள். அவர் வாழைப்பழத் தாரோடு பின்னால் வந்துகொண்டிருந்தார். அவரை உயிரோடு பார்த்த பிறகுதான் அம்மாவுக்கு அழுகை வந்தது.

"அவரு குத்துக்கல்லாட்டம் நிக்கிறாரு. நீ ஏண்டி இந்தக் கோலத்துல வந்து நிக்கிற?"

"அவரு உசுரு இன்னா, என் கழுத்துக் கயித்துலயா கீது?" என்றேன்.

ஓங்கி ஒரு அறை விட்டாள். கல்யாணமாகி நான் வாங்கிய ஒரே அறை அதுதான். அப்புறம் அந்தக் கைக்குட்டை முடிச்சை வாங்கிக்கொண்டு போய்த் தாலியைச் சாமி மாடத்தில் வைத்தாள். வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைப்பாளாம். அவள் உயிரோடு இருந்தவரை இது நடந்தது. மாப்பிள்ளை நன்றாக இருப்பதற்கு அந்தப் பொட்டுதான் காரணம் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். நான் மறுத்துப் பேசவில்லை. அம்மா போன பிறகு, அதை உருக்கித் தங்கச்சி மகளுக்குக் கம்மல் செய்துகொள்ளுங்கள் என்று நான்தான் சொன்னேன்.

வெறுங்கழுத்தோடு வாழ்வது ஒன்றும் பெரிய தியாகம் இல்லை. தொந்தரவு, அவ்வளவுதான். பூக்காரி கூடையோடு என்னைத் தாண்டிப் பக்கத்து வீட்டில் போய்க் குரல் கொடுப்பாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிற பெண்கள் என் நெற்றியையும் கழுத்தையும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஒடம்புக்கு இன்னா ஆச்சு அவருக்கு?" என்பார்கள். "ஒண்ணும் ஆவல. அதோ பின்னாடி சீட்டுல வாயத் தொறந்துக்கினு தூங்கறாரு பாருங்க" என்பேன். அதற்குப் பிறகு கள்ளக்குறிச்சி வரும்வரை என் பக்கம் திரும்ப மாட்டார்கள். மலையில் வேறு விதமான வம்பு. சாமை அறுக்க வந்த ஒரு அம்மாள் என்னை வாத்தியாரின் தங்கை என்றே முடிவு கட்டிவிட்டாள். "ஏன் வாத்தியாரே, அந்தப் புள்ளைக்கு இன்னொரு எடம் பாக்கலியா, இந்த வயசுல வச்சிக்கினு?" என்று அவரிடமே கேட்டாள். அவர் வீட்டுக்கு வந்து, "நல்ல எடமா ஒண்ணு பாக்கட்டுமா?" என்று ஒரு மாசம் என்னைக் கேலி செய்தார்.

சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில்தான் சிரிக்க முடியவில்லை. என் தங்கச்சியை ரிஷிவந்தியம் பக்கத்தில் கொடுத்திருந்தோம். எங்களுக்கு அண்ணன் தம்பி கிடையாது, நாங்கள் ரெண்டே பேர். அவளுக்கு வளைகாப்பு வைத்தபோது நான் ஆசையாகப் போனேன். சந்தனமும் குங்குமமும் வைத்த தட்டு பெண்களிடம் ஒவ்வொருவராக வந்தது. எனக்கு முன்னால் இருந்தவளிடம் நின்றது, எனக்குப் பின்னால் இருந்தவளிடம் போனது. தங்கச்சியின் மாமியார் நல்ல மனுஷி. என் மனசு நோகக்கூடாது என்று, "நீ உள்ள போயி சாதத்தப் பாரும்மா, கொழஞ்சிடப் போவுது" என்றார். போனேன். சமையல்கட்டில் ரெண்டு விதவைப் பெண்கள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஒரு கத்தி கொடுத்தார்கள்.

எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு தங்கச்சி வயிற்றைத் தூக்கிக்கொண்டு சமையல்கட்டுக்கு வந்தாள். ரெண்டு கையிலும் முழங்கை வரை வளையல். அதற்கு மேலும் ஒரு பச்சை வளையலைக் கையோடு கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள்.

"இது நீ போடுக்கா."

"உங்க மாமியாரு பாத்தா?"

"பாக்கட்டும். நீ போடு."

போட்டுவிட்டேன். இறுக்கமான வளையல், சோப்பு நுரை தடவித்தான் ஏறியது. வெங்காயத்தின்மேல் பழியைப் போட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். அம்மா ஒரு பக்கம், சொந்தக்காரர்கள் ஒரு பக்கம் என்று எல்லாரும் என்னைத் தள்ளிவைத்த வருஷங்களில் என்னைத் தள்ளாதவள் அவள் ஒருத்திதான்.

அந்த வயிற்றில் இருந்த பெண் பெரியவளாகி, கல்லூரிக்குப் போகிற வயசில், தங்கச்சியின் வீட்டுக்காரர் இறந்தார். அவர் டிராக்டர் ஓட்டுகிறவர். கரும்பு ஏற்றிக்கொண்டு மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போய் வரிசையில் நின்றிருக்கிறார். முன்னால் இருந்த வண்டிகள் நகர்ந்த பிறகும் இவர் வண்டி நகரவில்லை. பின்னால் நின்றவர் ஹாரன் அடித்து அடித்துப் பார்த்துவிட்டு, திட்டிக்கொண்டே இறங்கி வந்து பார்த்திருக்கிறார். ஸ்டீயரிங்கின்மேல் சாய்ந்து கிடந்தாராம்.

காரியத்தன்று விடிகிற நேரத்தில் அவளை ஏரிக்கரைக்கு அழைத்துப் போனார்கள். கல்யாணப் பெண்போலத் தலை நிறையப் பூ வைத்து, கை நிறைய வளையல் அடுக்கி, அப்புறம் எல்லாவற்றையும் எடுப்பார்கள். தாலி வாங்குவதைச் சுமங்கலிகள் பார்க்கக்கூடாது. சித்தி, நாத்தனார், பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லாரையும் தூரப் போகச் சொன்னார்கள். நானும் அவர்களோடு நகர்ந்தபோது ஒரு கிழவி என் கையைப் பிடித்து, "நீ ஏம்மா போற? நீ நிக்கலாம் வா" என்றாள்.

எனக்குப் புருஷன் இருக்கிறான் என்று நான் வாய் திறந்து சொல்லவில்லை. ஓடிப்போய்த் தங்கச்சியின் பக்கத்தில் நின்றுகொண்டேன். சடங்கில் எதையும் நான் தொடவில்லை, அவளை மட்டும் பிடித்துக்கொண்டேன். வளையலைக் கல்லில் வைத்து உடைத்தார்கள். ஒரு சில்லு அவள் மணிக்கட்டில் குத்தி ரத்தம் வந்தது. "உட்டுறாதக்கா" என்று என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அந்த இடத்தில் நிற்க எனக்குக் கொடுத்துவைத்ததே என்று கர்த்தருக்கு நன்றி சொன்னேன். என் வெறுங்கழுத்து எனக்குச் செய்த ஒரே உபகாரம் அது.

அதற்குப் பிறகு எந்த விசேஷமானாலும் நாங்கள் ரெண்டு பேரும் சமையல்கட்டில்தான். நான் முன்பே போய் இடம் பிடித்துவைத்திருப்பேன். "நம்ம ரெண்டு பேரும் ஒரே கட்சி" என்று அவளிடம் சொல்வேன். அவள் சிரிப்பாள். அவளுக்கும் அது ஆறுதல் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் மகளுக்குக் கல்யாணம் கூடியது. நல்ல இடம், கள்ளக்குறிச்சியில் மண்டபம் பிடித்தாயிற்று. ஒரு சனிக்கிழமை அவள் பஸ் ஏறி மலைக்கு வந்தாள். வந்ததும் வராததுமாக, என் வீட்டுக்காரரையும் உட்காரச் சொன்னாள்.

"மாமா, பொண்ண நீங்க ரெண்டு பேருந்தான் தார வாக்கணும். எங்க வீட்டுக்காரரு ஒத்தப் புள்ள, கூடப்பொறந்த அண்ணன் தம்பி கெடையாது. நான் மேடைக்கு வரக் கூடாது. வேற யாரோ வந்து என் பொண்ணு கையப் புடிச்சிக் குடுக்கறத என்னால பாக்க முடியாது."

பெண்ணின் அப்பா அம்மா ஜோடியாக நின்று, கையில் தண்ணீர் விட்டுப் பெண்ணை ஒப்படைப்பதுதான் தாரை வார்ப்பது. அப்பா இல்லாவிட்டால் பெரியப்பா பெரியம்மா நிற்கலாம். ஆனால் அக்கினிக்கு முன்னால், அவர்கள் சாமிகளை வைத்து, ஐயர் சொல்வதைத் திருப்பிச் சொல்லி நிற்க வேண்டும். வெறுங்கழுத்தோடு நிற்க முடியாது.

அதையும் அவளே சொன்னாள். "ஒரு மஞ்சக் கயிறு, ஒரு பொட்டு. அர மணி நேரங்க்கா. எறங்குன ஒடனே கழட்டிடு."

அவர் என்னைப் பார்த்தார். "எனக்கு, கண்ண மூடிக்கினு செஞ்சிடலாம்னு தோணுது" என்றார் மெதுவாக. "நீ சொல்லு."

யோசிக்கிற பழக்கம் இல்லாதவள் அன்றைக்கு ரெண்டு நாள் தவணை கேட்டேன். அதுவரை அவளும் எங்களோடு தங்கினாள். பாஸ்டரிடம் போகவில்லை. அவர் முடியாது என்பார், அப்புறம் பழியை அவர்மேல் போட எனக்கு வசதியாகப் போய்விடும். ஜெபம் பண்ணினேன். பதில் ஒன்றும் வரவில்லை என்று நான் சொன்னால் சபையில் வருத்தப்படுவார்கள், ஆனால் வரவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: நான் நம்பாத சாமிகளுக்கு முன்னால், நம்புகிறவள்போல நின்று, என் தங்கச்சி மகளின் வாழ்க்கையைத் தொடங்கிவைக்க என்னால் ஆகாது. அரை மணி நேரத்துக்கும் ஆகாது. அவள் கேட்டு நான் இல்லை என்று சொன்னது அதுவரை எதுவுமே கிடையாது.

திங்கட்கிழமை அவளிடம் சொன்னேன். "சமையல் பூரா நான் பாத்துக்கிறேன். ஒரு வாரம் முன்னாடியே வந்துடறேன்."

"சமையலுக்கு ஆளு கெடைக்குங்க்கா" என்றாள். சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

கல்யாணத்தன்று முகூர்த்தம் நெருங்கியபோது அவளைத் தேடிப் போனேன். மணமகள் அறையில், மேடை தெரிகிற மாதிரி கதவை ஒருக்களித்து வைத்து, அதன் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். மேடையில் அவள் வீட்டுக்காரருக்கு ஒன்றுவிட்ட உறவில் யாரோ ஒரு ஜோடி நின்றுகொண்டிருந்தது. அந்தப் பெண்ணுக்கு மணப்பெண்ணின் பேர் கூடச் சட்டென்று வாயில் வரவில்லை, ஐயர் எடுத்துக்கொடுத்தார். நான் தங்கச்சியின் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தேன்.

"இங்க இன்னா பண்ற?" என்றாள்.

"உங்கூட இருக்கேன்."

அவள் கதவிடுக்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீயா கழட்டுன. எனக்குப் புடிச்சிக் கழட்டுனாங்க. ஒரு வார்த்த நீ சரின்னு சொல்லியிருந்தா இந்நேரம் அங்க நிப்ப. எனக்கு அந்த வார்த்தையே கெடையாது. ரெண்டும் ஒண்ணுன்னு எம் பக்கத்துல வந்து ஒக்காராதக்கா. மாமா தனியா கீறாரு. போய் அவரு கூட ஒக்காரு."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன், சாயங்காலத்துக்குள் சமாதானமாகியிருப்போம். மணிக்கட்டில் அந்த வளையல் குத்திய தழும்பைத் தடவிக்கொண்டே, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

எழுந்து போனேன். அவர் நகர்ந்து இடம் விட்டார். மேடையில் யாரோ செம்பைப் பிடித்து யாரோ தண்ணீர் விட்டார்கள். கெட்டி மேளம் கொட்டியது. என்னைச் சுற்றி எல்லாரும் அட்சதை போட்டார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மணமகள் அறை எனக்குப் பக்கவாட்டில்தான் இருந்தது. அந்தப் பக்கம் என்னால் திரும்ப முடியவில்லை.

அதற்குப் பிறகும் அவள் எங்கள் வீட்டுக்கு வருகிறாள், நானும் போகிறேன். பேச்சுக்கு ஒரு குறையும் இல்லை. விசேஷ வீட்டில் மட்டும் நான் சமையல்கட்டுக்குள் வந்தால் அவள் ஏதாவது வேலை சொல்லிக்கொண்டு வெளியே போய்விடுகிறாள். இன்றைக்குக் கேட்டாலும் முடியாது என்றுதான் சொல்வேன். ஆனால் அவள் கேட்கப்போவதில்லை. அவளுக்கு ஒரே பெண்.