கையைக் காட்டு

எனக்குப் பிறவியிலேயே சந்தேகப் புத்தி. பால்காரர் அளந்து ஊற்றினால் நுரை அடங்கும்வரை அவரை நகரவிட மாட்டேன். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவள் சிரித்தால் பையை மடிக்கு இழுத்துக்கொள்வேன். அதனால்தானோ என்னவோ, முந்திரி உடைக்கும் நாங்கள் பதினோரு பெண்கள் வேலையை நிறுத்தியபோது காவல் பொறுப்பு என்னிடம் வந்தது.

புதுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் போகிற சாலையில் எங்கள் ஊர். ரோட்டோரம் வரிசையாக முந்திரிக் கடைகள். வறுத்த கொட்டையைக் கட்டையால் தட்டி, பருப்பு நொறுங்காமல் எடுத்துக் கொடுப்பது எங்கள் வேலை. கொட்டையின் தோட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும் என்பதால் சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் உடைப்போம். அப்படியும் விரல் கறுக்கும். மூன்று வருஷமாக முதலாளி கூலியை ஏற்றவில்லை. கேட்டால், "அடுத்த சீசனுக்குப் பாப்போம் ஆத்தா" என்று சிரிப்பார். இந்த வருஷம் சீசன் நடுவிலேயே கட்டையைக் கீழே வைத்தோம். கூலி ஏறும்வரை அவர் கொட்டையை ஒருத்தியும் தொடுவதில்லை என்று சாம்பல் சட்டியில் கைவைத்துச் சத்தியம் செய்தோம்.

சத்தியத்தை மட்டும் நம்பினால் ஆகுமா? நான் ஒரு வழி சொன்னேன். தினமும் சாயங்காலம் தண்ணீர்க் குழாயடியில் கூடி எல்லோரும் கையைக் காட்ட வேண்டும். உடைக்காத கையில் நாலைந்து நாளில் கறுப்பு வெளிறித் தோல் உரியும். புதுக் கறுப்பு என்றால் எண்ணெய் மினுங்கும்.

ஐந்தாம் நாள் முதலாளி கடையில் புதுப் பருப்பு இருந்தது. யாரோ உடைத்துக் கொடுக்கிறார்கள். என்னைப் பார்த்து அவர் சிரித்தார்.

அன்று குழாயடியில் ஒருத்தி மட்டும் கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள். கூலி கேட்டு முதன்முதலில் வாய் திறந்தவளே அவள்தான். புருஷன் திருப்பூரில் வேறொருத்தியோடு தங்கிவிட்டான். உடைத்த கூலியிலேயே ஒரே மகளைக் கட்டிக்கொடுத்தவள். முதலாளிக்கு அவளைக் கண்டாலே ஆகாது. எங்கள் கூட்டத்தையும் விட்டால் அவளுக்கு இந்த ஊரில் வேலையும் கிடையாது, மரியாதையும் கிடையாது.

"கையக் காட்டு" என்றேன். மினுமினுவென்று கறுப்பு.

"ஆலங்குடியில இருக்கிற எங்க அண்ணன் மரத்துக் கொட்டை அக்கா. மகளுக்கு வளைகாப்பு வருதுல்ல, பலகாரத்துக்கு ரெண்டு படி ஒடச்சேன். முதலாளி கொட்டையத் தொடலக்கா, எம் மக மேல சத்தியம்."

"எல்லாக் கள்ளிக்கும் ஒரு அண்ணன் இருப்பான்டி. முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்காத."

"ஆலங்குடிக்கு ஒரு போன் போட்டு அவருகிட்டயே கேளுங்களேன்."

"கூடப் பொறந்தவன் ஒன்னைய விட்டுக்குடுப்பானா?"

அன்றே அவளை விலக்கினோம். விலக்கினோம் என்ன, நான்தான் விலக்கினேன். மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

அப்புறமும் கடைக்குப் பருப்பு வந்துகொண்டுதான் இருந்தது. ஓகோ, இனி யார் கேட்பது என்று தைரியமாக உடைக்கிறாளா? காலையில் சோறு வடித்த கையோடு போய் அவள் வீட்டெதிரே வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொள்வேன். ஒருநாள் வெயிலில் அவள் வெளியே வந்தாள். ஒரு சொம்புத் தண்ணீரை என் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள். இதிலும் ஏதோ சூது இருக்கிறது என்று நான் அதைக் குடிக்கவில்லை.

ஒன்பதாம் நாள் காலையில் காவலுக்குப் போகும் வழியில், கண்மாயில் பிடித்த விரால் மீனோடு என் வீட்டுக்காரர் எதிரே வர, அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன். அவர் ஓட்டுவது முதலாளியின் லோடு வண்டி. மீன் கையில் வழுக்கியது. சாம்பல் போட்டுப் பிடிக்கலாம் என்று கொல்லையில் வெந்நீர் அடுப்புக்குப் போனால், அடுப்பு துடைத்து வைத்தது போல் இருந்தது. தினமும் விறகு எரிகிறது, நானும் உடைப்பதில்லை, பிறகு சாம்பல் எங்கே போனது? தரையில் சிந்திய சாம்பல் கோடாகக் கொல்லை மூலைக்குப் போனது. மாட்டுக் கொட்டகைக்குள் எட்டிப்பார்த்தேன்.

வைக்கோலுக்குப் பின்னால் ஒரு மூட்டை, ஒரு சாம்பல் சட்டி, கையில் கட்டையோடு என் மாமியார். முழங்கால் வலியால் உடைப்பை விட்டு நாலு வருஷமானவர். நாற்பது வருஷம் உடைத்த கை என்பதால் அந்தக் கறுப்பு எப்போதும் போகாது. அதனாலேயே நான் அந்தக் கையைச் சந்தேகத்தோடு பார்த்ததே இல்லை.

"ஏ ஆத்தி! நீங்களா அத்தே?"

"கத்தாத. ஒன் சங்கம் ஒனக்கு, எம் மகன் பொழப்பு எனக்கு. ஒடச்சுக் குடுக்கலேன்னா அவன்கிட்ட வண்டிச் சாவிய வாங்கிருவேன்னுட்டாரு மொதலாளி. நீ காவலுக்குப் போனதும் எனக்குத் தோதாப் போச்சு."

வேலியே பயிரை மேய்ந்த கதை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்த யோசனை மூட்டையை இன்னும் உள்ளே தள்ளிவைப்பதுதான். சொன்னால் வண்டி போகும், என் மானமும் போகும். சொல்லாவிட்டால் நான் விலக்கியவள் காலத்துக்கும் கள்ளிதான். பகல் முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்தேன். மீன் சட்டியிலேயே கிடந்தது. அதை ஆயவும் எனக்கு மனம் வரவில்லை.

சாயங்காலம் குழாயடியில் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் பாய்ந்தார்கள்.

"ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு ஒங்களுக்குத் தட்டுற சத்தம் கூடவா கேக்கல?"

"எங்க அத்தைட்ட வேணா கேட்டுப் பாருங்க" என்றேன்.

"வேலிக்கு ஓணான் சாட்சியாக்கும்!"

எனக்குக் கோபம் பொங்கியது. நானா பொய் சொல்வேன்? "எம் பிள்ளைங்க மேல சத்தியமா..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினேன். இதே இடத்தில் இதே வார்த்தையை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன்.

நான் விலக்கிய அவளும் தண்ணீருக்கு வந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். குடத்தைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"கையக் காட்டுங்க."

நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பழைய தோல் உரிந்து புதுத் தோல் வந்திருந்தது.

"இவுக ஒடைக்கல" என்றாள். "வீட்டுல நடந்தது தெரியாதுங்கிறதையும் நான் நம்புறேன். சத்தியம் பண்ணுனா நம்பணும்ல?"

குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

மறுநாள் எல்லோருமாகச் சேர்ந்து மூட்டையைக் கொண்டுபோய் முதலாளி வாசலில் இறக்கினோம். நாலு நாளில் கூலி ஏறியது. என் வீட்டுக்காரரிடம் முதலாளி சாவியை வாங்கிவிட்டார். இப்போது வேறொருவர் வண்டி ஓட்டுகிறார். அவளைத் திரும்பக் கூப்பிட்டோம். வந்தாள். என் பக்கத்தில்தான் உட்கார்ந்து உடைக்கிறாள். இருவருக்கும் ஒரே சாம்பல் சட்டி.

போன வாரம் மகள் வளைகாப்புக்கு அழைக்க, நாங்கள் உடைத்துக்கொண்டிருந்த இடத்துக்கே தட்டோடு வந்தாள். வரிசையாக ஒவ்வொருத்திக்கும் குங்குமம் கொடுத்து, வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டே வந்தாள். என் முறை வந்தது. கையை உதறி, சாம்பலை முந்தானையில் துடைத்துவிட்டு நீட்டினேன். அவள் தட்டோடு என்னைத் தாண்டி அடுத்தவளிடம் போனாள். என் கை நீட்டியபடியே இருந்தது.