செயலாளரின் நாற்காலி

"அது குழந்தையோட வண்டிங்க," என்றாள் மூன்றாம் மாடிப் பெண்.

"படியில வச்சா சங்கத்துக்குச் சொந்தம்மா," என்றார் சித்தப்பா.

"குழந்தையை எதுல வச்சுத் தள்றது?"

"குழந்தையைப் படியில வைக்காத வரைக்கும் அது உங்களுது. தூக்கிட்டுப் போங்க."

பக்கத்தில் நின்ற அவருடைய அண்ணன் மகளுக்கு இந்தப் பேச்சு இன்றும் மறக்கவில்லை. அடுக்குமாடிச் சங்கத்தின் செயலாளர் சித்தப்பாதான். மாடிப்படியில் பொருள் வைத்தால் பறிமுதல், வைத்தவருக்குச் சங்கப் பதவியும் கிடையாது என்று விதி போட்டவரும் அவரே. அவர் தமிழில் எழுதியதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கொடுத்தவள் அந்த அண்ணன் மகள். செருப்பு, சைக்கிள், பூந்தொட்டி எல்லாம் படிக்கட்டுக்கு அடியிலிருந்த அறைக்குள் அடைபட்டன. யாரும் தன் கண்ணில் மண்ணைத் தூவக் கூடாதென்று, படி திரும்பும் இடத்தில் பிரம்பு நாற்காலி போட்டுக் காவல் காத்தார்.

ஒருநாள் போன் மணி கேட்டு உள்ளே போய்த் திரும்பினால், நாற்காலியைக் காணோம்.

"படியில இருந்துச்சு சார். நீங்க சொன்ன மாதிரியே உள்ள போட்டுப் பூட்டிட்டேன்," என்றார் வாட்ச்மேன், பால் வடியும் முகத்தோடு.

இடுப்பில் குழந்தையுடன் மூன்றாம் மாடிப் பெண் அறிவிப்புப் பலகையில் தமிழில் இருந்த விதியை உரக்கப் படித்தாள். அன்று மாலையே கூட்டம் என்று முடிவாயிற்று. இன்னொரு நாற்காலியும் பறிபோகப் போவது சித்தப்பாவுக்குப் புரிந்துவிட்டது. அண்ணன் மகளைத் தனியே அழைத்துக் குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, தமிழ்ல வசமா மாட்டிக்கிட்டேன். இங்கிலீஷ்ல மட்டும் 'செயலாளர் தவிர'ன்னு ஒண்ணு செருகிக் குடேன். தகராறுன்னு வந்தா இங்கிலீஷ்தான் செல்லும்னு நான் சொல்லிக்கறேன்."