படங்குக்குள் நெல்

நாலைந்து நாள் மழை ஓய்ந்ததும், வீதியோரம் தார்ப்பாய்ப் படங்கால் மூடியிருந்த நெல்லுக்குள் கையை விட்டேன். புளித்த வாடையோடு கொதித்தது. இந்தப் போகத்து நெல் முழுவதும் அதுதான்.

சின்ன வயதில் வாப்பா, வெட்டிய கதிர்களை நெல் உள்ளே இருக்கும்படி உயரமாக அடுக்குவார். அதைச் சூடு என்போம். மழை மேலாலேயே வழிந்துவிடும்.

“மச்சான், மானம் கறுக்குது!” என்று மாமா பதறுவார்.

“கறுக்கட்டும். நீ என்ன சீனியா, கரையிறதுக்கு?” என்றபடி வாப்பா சூட்டுக்குள் முழங்கைவரை கைவிட்டுப் பார்ப்பார். காய்ந்திருக்கும்.

இப்போது மெஷின் ஒரே காலையில் வெட்டி, ஈரநெல்லைக் கொட்டிவிட்டுப் போகிறது. அறுவடை மாதத்திலும் மழை.

“இஞ்ச பாருங்க, மில்லுக்காரர் வேணாமாம்,” என்றாள் மனைவி. “விதைக்காவது எடுத்து வைப்பமா?”

நான் அள்ளிக் காட்டினேன். எல்லாம் வெள்ளையாய் முளைவிட்டுப் பின்னிக் கிடந்தது.