கூண்டு வீடு கேட்டு வந்தவங்க

அளவெடுத்துச் செய்யுத தொழிலுக்கு வந்தவன் போன சென்மத்துல யாரையோ நடுத்தெருவுல விட்டுட்டு ஓடியிருக்கணும். தையல்காரங்க, ஆசாரிமாரு, வீடு கட்டுத கொத்தனாருமாரு இதைப் படிச்சா ஆமான்னு தலையை ஆட்டுவீங்க, எனக்குத் தெரியும். கோவில்பட்டியில எட்டயபுரம் ரோட்டு மேல எனக்கு ஒரு பட்டறை. இருபத்தாறு வருசமா லாரிக்கும் பிக்கப்புக்கும் பாடி கட்டுதேன். போன கார்த்திகையில இருந்து கூண்டு வீடும் கட்டுதேன்.

அதென்ன கூண்டு வீடுன்னு கேப்பீங்க. பிக்கப் வண்டியோட பின்தொட்டிக்குள்ள அப்படியே தள்ளி உக்கார வைக்கிற ஒரு அறை. படுக்கை, அடுப்பு, தண்ணித் தொட்டி எல்லாம் உள்ளயே இருக்கும். வேண்டாதப்ப நாலு மூலையிலயும் ஜாக்கிக் காலை இறக்கி அறையைத் தரையில நிறுத்திட்டு, வண்டியை மட்டும் அடியில இருந்து உருவிக்கிட்டுப் போயிரலாம். சொல்லுததுக்கு இவ்வளவுதான். கட்டி முடிக்கிறதுக்குள்ள யார் யார்கிட்ட என்னென்ன பேச்சு வாங்கினேன்னு கேளுங்க.

கிடைக்காரன் வீட்டு நிபந்தனை

இந்த வேலையை என் தலையில கட்டினவன் கருப்பசாமி. கிடை போடுதவன். அறுவடை முடிஞ்ச கரிசக்காட்டுல ஆட்டை மடக்கிப் போடணும், ஒரு காட்டுக்கு உரம் ஏறினதும் அடுத்த காட்டுக்கு நகரணும், அதுதான் பொழப்பு. மாசியில கிளம்பினா ஆடி வரைக்கும் வீடு வாசல் கிடையாது. கல்யாணமாகி மூணு வருசமா அவன் பொண்டாட்டி முத்துமாரியும் கூடவே போயிருக்கா. தார்ப்பாய்க்கு அடியில படுக்கை. நாலு குச்சியை ஊணி ரெண்டு சேலையைச் சுத்திக் கட்டி அதுக்குள்ள குளியல், அதுவும் ஊர் முழிக்கிறதுக்கு முன்னாடி. போன வருசம் கோடை மழையில கைப்பிள்ளையோட நனைஞ்சுக்கிட்டு நின்னவ, விடிஞ்சதும் நேரா நாகலாபுரத்துல இருக்குத அம்மா வீட்டுக்கு பஸ் ஏறிட்டா. ஒரு பொம்பளை மானமா குளிச்சு உடுத்துத மாதிரி ஒரு அறை ஆட்டுக்குப் பின்னாலயே வரும்னா வாரேன், இல்லேன்னா இந்தக் குடித்தனமே வேண்டாம்னு சொல்லி விட்டுட்டாளாம்.

மூணு வருசம் கட்டின பொண்டாட்டியை வெட்டவெளியில குளிக்க விட்டவனுக்கு இப்பத்தான் சுவர்னு ஒண்ணு இருக்குததே ஞாபகம் வந்திருக்குன்னு நல்லாவே ஏசினேன். வாங்கிக்கிட்டான். அவன்கிட்ட ஒரு பழைய பிக்கப் இருக்கு. நடக்க முடியாத குட்டிகளையும் ஆட்டுப் பட்டி அடைக்கிற தட்டிகளையும் அதுலதான் ஏத்துதான். பகல்ல அந்த வண்டி வேணும், அதனால அறையை அதோட சேத்து வெல்டு வைக்க முடியாது. அப்பத்தான் ஏத்தி இறக்குத மாதிரி கட்டலாம்னு முடிவாச்சு. போகும்போது வாசல்ல நின்னு சொன்னான்: "அண்ணாச்சி, மாசி பொறக்குததுக்குள்ள முடிச்சுக் குடுத்துருங்க. இல்லேன்னா கிடைக்கு நானும் ஆடும்தான் போவோம்."

அக்னி மூலை

நான் பைப்பை வெட்டிச் சட்டம் நிறுத்தின மறுநாள் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி ஒருத்தர் காரை விட்டு இறங்கினாரு. அவருக்கும் ஒண்ணு வேணுமாம். சிவராத்திரிக்கு விளாத்திகுளம் பக்கம் குலதெய்வம் கோவிலுக்குக் குடும்பத்தோட போய்க் காட்டுக்குள்ளயே தங்கணும், லாட்ஜுல தங்கினா சுத்தம் போயிருமாம். அதுக்கு முன்னாடி தையில ஒரு வெள்ளோட்டம் பாக்கணும், அதனால அவருக்குத்தான் முதல்ல கட்டணும். ஆட்டுக்காரன்தானே, ரெண்டு வாரம் பொறுத்துக்கிட மாட்டானான்னு கேட்டாரு. அவரு கம்பெனி லாரிக்கெல்லாம் பாடி கட்டுதவன் நான். முடியாதுன்னு சொல்லத் துப்பில்லாம, கருப்பசாமிக்கு நிறுத்தின சட்டத்தை அவருக்குத் திருப்பி விட்டேன். இதைச் சொல்லும்போது இப்பவும் வெக்கமாத்தான் இருக்கு.

அவரு போட்ட ஒரே கண்டிசன், அடுப்பு தென்கிழக்குல, அக்னி மூலையில வரணும். நான் மரியாதையாத்தான் கேட்டேன், முதலாளி, வண்டி எந்தத் திசையைப் பாத்து நிக்கும்னு. அவரு யோசிச்சாரு. மறுநாள் வாஸ்து பாக்குதவர் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தாரு. அவிய திசை காட்டியைக் கையில வச்சுக்கிட்டு சட்டத்தைச் சுத்திச் சுத்தி வந்தாவ. பட்டறை வாசல் வடக்க பாத்தது, சட்டம் மேக்க பாத்து நின்னது, எங்க வெல்டர் மாரியப்பன் வேலையைப் போட்டுட்டு அவியளையே பாத்துக்கிட்டு நின்னாரு. கடைசியில வண்டி கிழக்க பாத்து நிக்கும்னு வச்சுக்கிட்டு, முன்பக்கம் வலது மூலையில அடுப்பு வைக்கச் சொல்லிட்டுப் போனாவ. ரோட்டுல போற வண்டி திரும்பாதான்னு கேட்டேன். முதலாளி சொன்னாரு: "நான் எப்பவும் கிழக்க பாத்துத்தான் நிறுத்துவேன். அதுக்குத் தோதா எடம் இல்லேன்னா அது எடத்தோட குத்தம்."

கால் இறங்கின கதை

கட்டி முடிச்ச கூண்டைக் கம்பெனி பிக்கப்புல ஏத்தி, வெள்ளோட்டத்துக்கு மச்சினன்மார் ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டு அவரோட சொந்தக் காட்டுக்கே போனாரு. கிழக்க பாத்துத்தான் நிறுத்தினாரு, அதைக் குறை சொல்ல முடியாது. ஜாக்கிக் காலை இறக்கி, வண்டியை உருவி, டிரைவரை டீ வாங்க விளாத்திகுளத்துக்கு அனுப்பிட்டாரு. தை மாசத்துல யாரும் எதிர்பாக்காத ஒரு மழை. கரிசல்ல மழை பெஞ்சா என்ன ஆகும்னு இங்க பொறந்த கோழிக்குஞ்சுக்கும் தெரியும். செருப்பைப் பிடிச்சு உருவிக்கிடுத மண்ணு அது. இவருது அந்த மண்ணுல பருத்தி வச்சுச் சம்பாதிச்ச குடும்பம். ஆனா அறை கட்டினது நான், அதனால மண்ணு என் பொறுப்பு. ஒரு கால் முழங்கால் ஆழம் இறங்கி, கூண்டு சாஞ்சு, சாம்பார்ச் சட்டி கவுந்து, அக்னி மூலையில இருந்து ஈசான மூலை வரைக்கும் பருப்பு ஓடியிருக்கு.

டிராக்டர் கொண்டு இழுத்து எடுத்தோம். நானும் மாரியப்பனும் சேத்துக்குள்ள நின்னு காலைத் தோண்டினோம், அவரு வரப்பு மேல குடை பிடிச்சுக்கிட்டு நின்னு மேற்பார்வை பாத்தாரு. அந்த ஒரு நாள்ல நான் ஒண்ணு கத்துக்கிட்டேன். அடுத்து கட்டுத கூண்டுக்கு ஒவ்வொரு காலுக்கும் அடியில போட முக்கால் முழ அகலத்துல தேக்குப் பலகை சேத்துக் குடுக்கணும். அதைக் கருப்பசாமிக்குச் செஞ்சும் குடுத்தேன். முதலாளி கத்துக்கிட்டது வேற: "அண்ணாச்சி, நீங்க கால் வைக்கிறதுக்கு முன்னாடி மண்ணைக் கேட்டிருக்கணும்."

வாங்காத வாடிக்கையாளர்

தினமும் காலையில பத்து மணிக்கு எட்டயபுரம் பஸ்ஸுல ஒருத்தர் வந்து இறங்குவாரு. தாலுகா ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவரு. வெளிநாட்டுக்காரங்க இப்படி அறையை வண்டியில ஏத்திக்கிட்டு மலை மலையாச் சுத்துத வீடியோ எல்லாத்தையும் போன்ல பாத்து முடிச்சிட்டாரு. படுக்கையை டிரைவர் தலைக்கு மேல நீட்டிக் கட்டணும்பாரு. நம்ம ரோட்டுல புளியங்கிளை தாழத் தொங்குது சார்னு சொன்னா, கிளையை வெட்டச் சொல்லி மனு குடுங்கம்பாரு. ஐநூறு லிட்டர்த் தண்ணித் தொட்டி வைக்கணும்பாரு. ஐநூறு லிட்டர் தண்ணின்னா அரை டன்னு. வண்டி சுமக்கிறதுல பெரும்பங்கு தண்ணிக்கே போயிரும், அப்புறம் ஆளு, அரிசி, அடுப்பெல்லாம் நடந்தா வரும்? கருப்பசாமிக்கு நூறு லிட்டர் போதும்னு வச்சேன், தெனம் ஒரு மோட்டார் கிணத்துல பிடிச்சுக்கிடலாம். அதுக்கு என்னை ஒரு பிற்போக்குவாதியைப் பாக்குத மாதிரி பாத்தாரு.

மாரியப்பன் நல்ல மனுசன், யாரையும் முகத்துக்கு நேரா பேச மாட்டாரு. அவரே பொறுக்க முடியாம ஒருநாள் வெல்டிங் கண்ணாடியைக் கழட்டி, சாருக்கு எத்தனை அடியில வேணும்னு கேட்டுட்டாரு. சார் கொஞ்சம்கூட அசரல. "எனக்கு எதுக்குவே? நான் வாங்க வரல. நீங்க தப்புப் பண்ணீரக் கூடாதேன்னுல்லா தெனம் செலவழிச்சு வாரேன்."

சரக்கா, வீடா

கருப்பசாமியோட கூண்டு ஒரு வழியா முடிஞ்சு, குலுங்குதான்னு பாக்க நானும் மாரியப்பனும் ஒரு ஓட்டம் போனோம். வழியில ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினாரு. சரக்குன்னா பில் எங்கன்னு கேட்டாரு, வீடுன்னா வீட்டு வரி ரசீது எங்கன்னு கேட்டாரு. ரெண்டும் இல்லேன்னா அப்ப இது என்னன்னு கேட்டாரு. கழட்டி வைக்கிற சாமான் சார், கட்டில் மாதிரின்னு சொல்லிப் பாத்தேன். உள்ள ஏறினாரு. படுத்துப் பாத்தாரு. அரை மணி நேரம் கழிச்சு எழுந்து இறங்கி, வண்டியை எடுக்கச் சொல்லிட்டு, கடைசியா ஒரு குறையும் சொன்னாரு: "இதுல ஒரு ஃபேன் வச்சிருக்கலாம்லா?"

பாக்க வந்தவ

மாசி பொறக்க மூணு நாள் இருந்தது. முத்துமாரி பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு, அம்மாவோட நாகலாபுரத்துல இருந்து பட்டறைக்கு வந்தா. கருப்பசாமி சலவைச் சட்டை போட்டு ஓரமா நின்னான். நான் விடுவேனா? கல்யாண வீட்டுச் சமையல்காரன் மாதிரி ஒவ்வொண்ணாக் காட்டினேன். இங்கன பாரு தாயி, அடுப்பு. இங்கன படுக்கை, அடியில அரிசி வைக்கப் பெட்டி. இது குளிக்கிற மூலை, தண்ணி வெளிய போகக் குழாய். ஜன்னலுக்குக் கொசு வலை. ரிட்டயர்டு சார் கூடவே வந்து ஒவ்வொண்ணுக்கும் விளக்கம் சொன்னாரு. அவ எல்லாத்தையும் தொட்டுப் பாத்தா. முகத்துல ஒண்ணும் தெரியல. பிள்ளையை அம்மாகிட்ட குடுத்துட்டு உள்ள போய்க் கதவை இழுத்துச் சாத்தினா. கதவு மெதுவாத் திறந்தது. மறுபடி சாத்தினா. மறுபடி திறந்தது.

அப்பத்தான் நானும் பாத்தேன். கதவுக்கு வெளியில கைத்தண்டி கொண்டி, அதுக்கு ஒரு பூட்டு, எல்லாம் பக்கா. உள்பக்கம் ஒண்ணும் கிடையாது. லாரிப் பாடிக்குக் கொண்டி வெளியதான் வரும், உள்ள இருக்குத சரக்கு எந்தக் காலத்துல கதவைச் சாத்துச்சு? கை பழகின மாதிரி வச்சுட்டோம். முதலாளிக்குக் கட்டினதும் அப்படித்தான், அங்க போனது ஆம்பளையாளுக மட்டும்ங்கதால யாருக்கும் உறைக்கல. இருபத்தாறு வருச அனுபவம், மாரியப்பனோட கைவேலை, சாரோட வீடியோ, புருசன்காரனோட இத்தனை மாசத் தவிப்பு, இத்தனை பேருல ஒருத்தனுக்கும் தோணல. அவ இறங்கி வந்து பிள்ளையை வாங்கிக்கிட்டா. சத்தம் போடல. "அண்ணாச்சி, வெளிய மட்டும் கொண்டி இருந்தா அதுக்குப் பேரு பட்டி. உங்க எல்லாருக்கும் இது போதும்னு தோணிருக்கு பாருங்க."

நாகலாபுரத்துக்குப் போனது

அவ பஸ் ஏறினதும் கருப்பசாமி தரையில உக்காந்துட்டான். ஆறுதல் சொல்ல எனக்கு யோக்கியதை இல்ல. சார் ஏதோ வெளிநாட்டுத் தாழ்ப்பாளைப் பத்தி ஆரம்பிச்சாரு. சார், ஊருக்கு பஸ் வந்துரும், கிளம்புங்கன்னு முதல் தடவையாச் சொன்னேன். அன்னைக்கே நானும் மாரியப்பனும் கடைத்தெருவுக்குப் போய் வீட்டுக் கதவுக்குப் போடுத நல்ல இரும்புத் தாழ்ப்பாளா மேல ஒண்ணு கீழ ஒண்ணு வாங்கிப் போட்டோம். குளிக்கிற மூலைக்கும் ஒரு கதவு வச்சு, அதுக்கும் உள்ள ஒரு தாழ்ப்பாள். மறுநாள் அவளை வரச் சொல்ல வாயில்லாம, கூண்டையும் கருப்பசாமியையும் ஏத்திக்கிட்டு நாங்களே நாகலாபுரம் போனோம். அவ அம்மா வீட்டு வாசல்ல பலகை போட்டு, காலை இறக்கி, வண்டியை உருவி நிறுத்தினோம்.

முத்துமாரி வந்தா. யாரையும் பாக்கல. படியில ஏறி உள்ள போனா, கதவு சாத்துச்சு, மேல் தாழ்ப்பாள் விழுந்தது, கீழ்த் தாழ்ப்பாள் விழுந்தது. அவ்வளவுதான். நாங்க மூணு ஆம்பளையாளுக வெயில்ல நின்னோம். நேரம் போகுது, கதவு திறக்கல. இன்னும் எதை மறந்தோம்னு மனசுக்குள்ள ஒவ்வொண்ணா எண்ணிப் பாத்தேன். கருப்பசாமி பொறுக்க முடியாம ரெண்டு தட்டுத் தட்டி, பிடிச்சிருக்கா இல்லையா, ஒரு வார்த்தை சொல்லேன்னு கெஞ்சினான். உள்ள இருந்து நிதானமா பதில் வந்தது: "மூணு வருசம் நான் வெளிய நின்னேன்லா, நீங்க செத்த நேரம் நில்லுங்க. ஆடு என்னைக்குக் கிளம்புதுன்னு மட்டும் சொல்லுங்க."

கதவுன்னா அதுக்கு உள்பக்கம்னு ஒண்ணு இருக்குங்கதைத் தெரிஞ்சுக்கிட எனக்கு இருபத்தாறு வருசமும் நாகலாபுரத்துல இருந்து ஒரு பொம்பளையும் தேவைப்பட்டிருக்கு.