அழகர் காய்ச்சும் எண்ணெய்

பித்தளைச் சட்டியில் சூடேறும் விளக்கெண்ணெயில் சுண்டுவிரலை நனைத்து, ஒரு சொட்டைப் புறங்கையில் விட்டுப் பார்க்கிறார் அழகர். போதவில்லை. "இன்னுங் கொஞ்சம் ஆகட்டும்" என்கிறார். அவர் மனைவி ரெங்கம்மா அடுப்பில் விறகைத் தள்ளுகிறாள். புதிதாக வருகிறவர்கள் யாருடைய கைக்குழந்தைக்கோ பேதி மருந்து தயாராகிறது என்றுதான் நினைப்பார்கள். எண்ணெய் குழந்தைக்கு அல்ல. பக்கத்துக் கொட்டகையில் நிற்கும், தோட்டத்துத் தொரையின் பந்தயக் காருக்கு.

தேயிலைத் தோட்டம் பதுளை மலையில், ஸ்பிரிங்வெளிக்கும் மேலே இருக்கிறது. பனி இறங்கினால் எதிரில் நிற்கும் ஆள் தெரியாது. அங்கே போய் இப்படி ஒரு காரை வைத்துக்கொள்ள வெள்ளைக்காரனுக்குத்தான் மனம் வரும். சீமையில் பந்தயம் ஓடிய வண்டியாம். இரண்டு பேர் மட்டும் உட்காரலாம், கூரை கிடையாது, முன்பக்கம் மட்டும் ஆள் நீளத்துக்கு மேல். உள்ளே முழுக்க எஞ்சின்தான். பதுளைக் கடைவீதிக்கு அது வருவதற்கு முன்னமே அதன் சத்தம் வந்துவிடும். என் ஜவுளிக்கடை அலமாரிக் கண்ணாடி கடகடக்கும்போதே, "அழகர் வர்றாரு" என்று யாராவது சொல்வார்கள். ஓட்டி வருகிற தொரையின் பெயரை ஒருவரும் சொல்வதில்லை.

அழகர் முன்பு குதிரைக்காரர். குதிரை போய்க் கார் வந்தபோது, கொட்டகையும் மாறவில்லை, ஆளும் மாறவில்லை. கொழும்பிலிருந்து ஒரு கார் மிஸ்திரி வந்து கொஞ்ச நாள் தங்கிச் சொல்லிக்கொடுத்தார். மீதியை அழகர் கழற்றிக் கழற்றி மாட்டிப் படித்துக்கொண்டார். குதிரைப் பழக்கம் மட்டும் விடவில்லை. மேட்டில் விரட்டிக்கொண்டு வந்த எஞ்சினை உடனே நிறுத்த மாட்டார். மெதுவாக ஓடவிட்டு, "மூச்சு வாங்கட்டுங்க" என்பார். சூடாக இருக்கும்போது ரேடியேட்டரில் பச்சைத்தண்ணீர் விட்டால் அவருக்குக் கோபம் வரும். "ஓடி வந்த குதிரைக்குப் பச்சைத்தண்ணி காட்டுவீங்களா?" என்று ஒருமுறை தொரையையே கேட்டுவிட்டார்.

சாதாரணக் கார்களுக்கு ஊற்றும் எண்ணெய் இதற்கு ஆகாது. வேகமாகச் சுழலும்போது அது நீர்த்துப்போய்விடுமாம், விளக்கெண்ணெய்தான் தாக்குப்பிடிக்குமாம். ஆனால் எங்கள் மலைக்குளிரில் விளக்கெண்ணெய் இரவோடு இரவாகப் பாகுபோல் இறுகிவிடும். அப்படியே எஞ்சினைக் கிளப்பினால், எண்ணெய் போய்ச் சேருவதற்குள் இரும்போடு இரும்பு தேய்ந்துவிடும். அதனால் மாலையில் சூடு ஆறுவதற்குள் எண்ணெயைச் சட்டியில் வடித்துவிடுவார். காலையில் காய்ச்சி, வடிகட்டி, மறுபடி ஊற்றுவார். தொரை வெளியே போகிறாரோ இல்லையோ, இது நடக்கும். ஊற்றுகிற வேலையை மட்டும் யாருக்கும் தரமாட்டார். ஒருநாள் தொரை ஆசைப்பட்டுச் சட்டியில் கைவைக்கப்போய், "நீங்க ஓட்டுங்க தொரை, அது போதும்" என்று பதில் வாங்கிக்கொண்டார்.

வாரத்துக்கு ஒருதரம் பிளக்குகளைக் கழற்றித் துணியில் வரிசையாக வைப்பார். சிலிண்டர் நாலு, பிளக்கும் நாலு. அவருக்கு அவை "நாலு பேரு". நுனி காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் "நல்லா இருக்கான்". கரி பிடித்திருந்தால் "பெட்ரோல அள்ளித் தின்னுருக்கான்". வெளுத்திருந்தால் முகம் வாடிவிடும்: "இவனுக்குக் காய்ச்சலுங்க." பிறகு வால்வுகளுக்கு மேலே மெல்லிய தகட்டை நுழைத்து இடைவெளி பார்ப்பார். தகடு தொளதொளவென்று போகவும் கூடாது, சிக்கவும் கூடாது. அந்த நேரத்தில் யாரும் பேசக் கூடாது. எனக்குத் தும்மல் வந்தால்கூட வெளியே போய்த்தான் தும்ம வேண்டும்.

கிளப்புவதற்கு முன், எஞ்சினுக்குக் காற்றை இழுக்கும் கார்புரேட்டரின் இரண்டு திறந்த வாய்களிலும் விரலை விட்டுத் துழாவுவார். இது ஆயுத பூசை தந்த புத்தி. முதல் வருடம் பக்தி மிகுந்து எஞ்சினுக்கே செவ்வந்தி மாலை போட்டுவிட்டார். கிளப்பியதும் அது இதழ்களை உறிஞ்சிக்கொண்டது. தெமோதரைக்குப் போகும் வழியில், தொரையோடு, ஒரு வளைவில் இருமி இருமி நின்றது. "சாமிக்குப் போட்டா சாமி திங்காது. இது தின்னுருச்சுங்க" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். இப்போது மாலை ஸ்டியரிங்குக்கு மட்டும்.

இவ்வளவையும் ஒரு ஜவுளிக்கடைக்காரன் எதற்காகக் கவனித்து வைத்திருக்கிறான் என்று கேட்பீர்கள். இந்த மனிதரால்தான் நான் உயிரோடு இருக்கிறேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஒரு தீபாவளிக்கு முன், சேலை மூட்டையோடு அந்தத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். இரண்டு நாளாக வயிற்றில் லேசான வலி. காலையில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் மூட்டையைப் பிரிக்கும்போது, வலது பக்கம் அடிவயிற்றில் கத்தி இறங்கியதுபோல் வந்தது. சேலைகளின் மேலேயே சுருண்டு விழுந்தேன். என்னைத் தூக்கிக்கொண்டுபோய் அழகர் வீட்டு வாசலில் கிடத்தினார்கள்.

வயிற்றுவலி என்றால் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் ஒரே மருந்துதான். லயத்தில் பிள்ளைப்பேறு பார்க்கும் இராக்கம்மா, தோட்டத்து மருந்துக்கடையில் மிஞ்சியிருந்த ஒரே விளக்கெண்ணெய்ப் போத்தலோடு வந்துவிட்டாள். ரெங்கம்மாவின் பித்தளை டம்ளரில் நிறைய ஊற்றினாள். "கண்ண மூடிக்கிட்டு ஒரே மடக்கா குடிங்க மொதலாளி. வயிறு கழுவிட்டாச் சரியாப் போயிரும்." நானும் கையை நீட்டினேன். அந்த வேதனையில் விஷத்தைக் கொடுத்திருந்தாலும் குடித்திருப்பேன்.

தொரை நுவரெலியாவுக்கு ரயிலில் போயிருந்தார். அவர் இல்லாதபோது கார் கொட்டகையைவிட்டு வெளியே வரக் கூடாது என்பது கட்டளை. மீறினால் வேலை போகும். வேலையோடு வீடும் போகும். அழகர் என் முகத்தைப் பார்த்தார். வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். பலகைபோல் இருந்தது. "மாட்டுவண்டி தாங்காது. நான் கொண்டுபோறேன்" என்றார். கொட்டகைக்குள் போனவர் அதே வேகத்தில் திரும்பி வந்தார். சட்டியில் எண்ணெய் குறைந்திருந்தது. கொழும்பிலிருந்து வரவேண்டிய எண்ணெய் டின் இன்னும் வரவில்லை. வேறு எண்ணெய் விளக்கெண்ணெயோடு சேராது; திரிந்து பிசினாகிவிடும்.

அவர் கண் என் டம்ளரில் விழுந்தது.

என் உதட்டருகே வந்துவிட்ட டம்ளரைப் பிடுங்கிச் சட்டியில் கவிழ்த்தார். போத்தலையும் கவிழ்த்தார்.

"அடப் பாவி! மனுசன் சாகக் கெடக்காரு, நீ வண்டிக்கு ஊத்துறியே!" என்று இராக்கம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"வண்டி போனாத்தான் மனுசன் பொழைப்பாரு. எண்ணெ பத்தாம பாதி வழியில எஞ்சின் இறுகிப்போச்சுன்னா ரெண்டும் போச்சு" என்றார் அழகர்.

சரி, கிளம்புவார் என்று பார்த்தேன். சட்டியைக் கொண்டுபோய் அடுப்பில் வைத்தார்! நான் போட்ட கூச்சலையும் வைத வசவுகளையும் இங்கே எழுத முடியாது. அவர் பாட்டுக்குச் சுண்டுவிரலை நனைத்துப் புறங்கையில் சொட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். போதவில்லை. இன்னும் போதவில்லை. பிறகு ஊற்றினார். கார்புரேட்டரின் வாய்களைத் துழாவினார். என்னை ஏற்றிவிட்டுக் கைப்பிடியைச் சுற்றிக் கிளப்பினார்.

பதுளைவரைக்கும் அந்த எஞ்சின் ஒருமுறைகூட இருமவில்லை. வளைவுக்கு வளைவு வண்டிக்காரர்கள் மாட்டோடு தேயிலைக்குள் ஒதுங்கினார்கள். விளக்கெண்ணெய்ப் புகை மூக்கில் ஏற, கோயிலில் இருக்கிறேனா சுடுகாட்டில் இருக்கிறேனா என்று தெரியாமல் கிடந்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "பேதிக்கு ஏதாவது குடித்தாயா?"

"இல்லைங்க. அத வண்டி குடிச்சிருச்சு" என்று வாசலிலிருந்து அழகர் சொன்னார்.

குடலின் வால் அழுகி வெடிக்கிற நிலையில் இருந்ததாம். விளக்கெண்ணெய் உள்ளே போயிருந்தால் வழியிலேயே வெடித்திருக்கும் என்று, அறுத்து எடுத்த பிறகு டாக்டர் சொன்னார். நான் அழகரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவருக்குக் கூச்சமாகிவிட்டது. "எனக்கென்னங்க தெரியும்? வண்டிக்கு வேணும்னுதான் எடுத்தேன்" என்றார். இன்றைக்கும் அதையேதான் சொல்கிறார். அவர் சொல்வது உண்மைதான். அதனால் என் நன்றி ஒரு துளியும் குறையவில்லை.

தொரை வந்ததும் அழகர் தாமே போய் எல்லாவற்றையும் சொன்னாராம். தொரை, "எண்ணெய் காய்ச்சினாயா?" என்று மட்டும் கேட்டாராம். "காய்ச்சினேன் தொரை." பேச்சு அத்தோடு முடிந்தது.

வருடா வருடம் தீபாவளிக்கு அழகருக்கு நல்ல வேட்டி ஒன்று கொண்டுபோகிறேன். உடுத்தி நான் பார்த்ததில்லை. பிளக் வைக்கிற துணியைக் கவனித்தபோதுதான் கரையைக்கொண்டு அடையாளம் தெரிந்தது. "ஒங்க வேட்டிதாங்க பிசிறு விடாது" என்றார், அதைவிடப் பெரிய பாராட்டு இல்லை என்பதுபோல. வேட்டியோடு ஒரு டின் விளக்கெண்ணெயும் கொடுப்பேன். அதைத்தான் இரண்டு கையாலும் வாங்குவார்.

நான் போகிற நாட்களில் அவர் ஒரு விளையாட்டு வைத்திருக்கிறார். காய்ச்சிய எண்ணெயை அந்தப் பழைய பித்தளை டம்ளரில் கொஞ்சம் எடுத்து, வெகு மரியாதையாக என்னிடம் நீட்டுவார்: "ஒங்க பங்குங்க மொதலாளி." நான் கும்பிட்டு வேண்டாம் என்பேன். ரெங்கம்மா சிரிப்பாள். அவர் அதைத் தாமே எஞ்சினுக்குள் ஊற்றிவிடுவார்.

இந்தத் தீபாவளிக்கும் போயிருந்தேன். புறங்கையில் சொட்டுவிட்டுப் பார்த்தார். சூடு சரி. சட்டியைக் கவிழ்த்து ஊற்றினார். டம்ளரை நீட்டினார், நான் கும்பிட்டேன். ஆனால் இந்த முறை கையை அவர் இழுத்துக்கொள்ளவில்லை. டம்ளரை என் கையில் வைத்தார். தோள்துண்டால் எஞ்சினின் எண்ணெய் வாயைச் சுற்றித் துடைத்தார். பிறகு ஓரடி நகர்ந்து, எனக்கு இடம் விட்டு நின்றார்.