துப்பாக்கி கேட்ட வீடுகள்

அடுத்தவர் வீட்டு சோபாவில் உட்கார்ந்து, அவர்கள் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே, "உங்கள் கணவரை நம்பித் துப்பாக்கி கொடுக்கலாமா?" என்று கேட்பதுதான் என் வேலை. ஆக்லாந்தில் துப்பாக்கி லைசென்ஸுக்கு மனுப் போட்டால், என்னைப் போல ஒருத்தர் வீடு தேடி வருவார். மனுதாரரிடம் தனியாகப் பேச வேண்டும். கூட வாழ்கிறவரிடம் தனியாகப் பேச வேண்டும். துப்பாக்கி வைக்கும் இரும்புப் பெட்டியைப் பார்க்க வேண்டும். முடிவெடுப்பது மேலே இருப்பவர்கள், திட்டு வாங்குவது நான். வாடகை வீட்டைச் சோதனை போடும் ஏஜென்டுகளே, இன்ஷூரன்ஸ் விற்பவர்களே, முன்பின் தெரியாத கதவைத் தட்டிப் பிழைக்கும் என் இனத்தாரே, உங்களுக்கு இது புரியும்.

எதற்குத் துப்பாக்கி?

ரானுயி என்ற புறநகரில் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் டெய்ரி வைத்திருந்தார். டெய்ரி என்றால் இங்கே பாலும் ரொட்டியும் சிகரெட்டும் விற்கும் தெருமுனைக் கடை. அந்தச் சிகரெட்டுக்காக முகமூடி போட்டுக்கொண்டு சுத்தியலோடு வந்துவிடுவார்கள். அவருக்கும் வந்தார்கள். நான் போனபோது வலது கையில் கட்டு இருந்தது.

துப்பாக்கி எதற்கு என்பதுதான் எங்கள் முதல் கேள்வி. வேட்டைக்கு என்றால் மேலே பேசலாம், குறி பார்த்துச் சுடும் கிளப்புக்கு என்றாலும் பேசலாம். தற்காப்புக்கு என்றால் இந்த நாட்டில் அத்தோடு முடிந்தது. அவர் யோசிக்கவே இல்லை. "கள்ளருக்குத்தான்" என்றார். "துவக்குக்குப் பயந்துதான் ஊரை விட்டு வந்தனாங்கள். இவர் இப்ப அதைக் காசு குடுத்து வாங்கி வீட்டுக்குள்ள வைக்கப் போறாராம்" என்று அவர் மனைவி சமையலறையிலிருந்து சத்தமாகவே சொன்னார்.

கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டு சட்டம் பேசுவது எனக்கே அசிங்கமாக இருந்தது. ஆனாலும் பேசினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "அப்ப, வேட்டைக்கு எண்டு பொய் சொல்லியிருந்தா தந்திருப்பியளோ, பிள்ளை?"

சாவி யாரிடம்?

மாசி என்ற இன்னொரு புறநகரில் ஒரு வெள்ளைக்காரத் தச்சர். மீசை முளைத்த நாளிலிருந்து மான் வேட்டை. நாட்டின் தெற்கே பள்ளிவாசல்களில் ஒருவன் புகுந்து சுட்ட படுகொலைக்குப் பிறகு சட்டம் மாறியதும், தானாகக் குண்டேறும் தன் துப்பாக்கியைக் கொண்டுபோய் ஒப்படைத்தவர். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. நான் உள்ளே நுழைந்ததிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

இரும்புப் பெட்டியைப் பார்க்கலாமா என்றேன். அவர் எழுந்திருப்பதற்குள் அவர் மனைவி துணி கிளிப் போட்டு வைத்திருந்த டப்பாவைக் கவிழ்த்து, சாவியை எடுத்து நீட்டிவிட்டார். லைசென்ஸ் வைத்திருப்பவரைத் தவிர வேறு யாருக்கும் அந்தச் சாவி இருக்குமிடம் தெரியக் கூடாது என்பது விதி. தச்சரின் முகம் சிவந்தது. கத்தப் போகிறார் என்று நான் வாசல் பக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். எண் போட்டுத் திறக்கும் பூட்டு மாட்டுங்கள், மறுபடி வருகிறேன் என்றேன். வாசல் வரை கூடவே வந்தவர், கார் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "தப்பு செஞ்சவன் ஒருத்தன், பறிகொடுத்தவன் நான். ஆனா என் வீட்டுக் கதவைத் தட்டக் கூச்சப்பட்டா, அவனை மாதிரி ஆளு வீட்டையும் தட்டாம விட்டுடுவே. அதனால தட்டு."

நல்ல பையன்

ஊர்ப் பெயர் வேண்டாம். மேற்கு ஆக்லாந்தில், தமிழ்நாட்டுத் தம்பதி ஒன்று. அவனுக்கு ஐடி வேலை, தமிழ்ச் சங்கத்தில் முன்வரிசை நாற்காலி, ஆபீஸ் நண்பர்களோடு மான் வேட்டை. லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். கேட்டதற்கெல்லாம் பளிச்சென்று பதில் சொன்னான். பெட்டி கண்ணாடி மாதிரி இருந்தது, சாவி அவன் இடுப்பில் இருந்தது. மனசுக்குள் 'சரி' போட்டுவிட்டேன்.

அடுத்து மனைவி. மாலா என்று வைத்துக்கொள்வோம். "அக்கா கேக்கறதுக்கெல்லாம் நல்லபடியா பதில் சொல்லு" என்று சிரித்தபடி வெளியே போனான். நான் கதவைச் சாத்தினேன். "காத்து வரட்டும்க்கா" என்று அவன் அதை மறுபடி கொஞ்சம் திறந்து வைத்தான். மரத் தரை வீடு, நடந்தால் முனகும். அவன் நின்ற இடத்திலிருந்து ஒரு முனகலும் வரவில்லை; கதவுக்கு அந்தப் பக்கமே நிற்கிறான்.

"நல்லவர்க்கா" என்றாள் மாலா. சண்டை வருமா? "இல்லக்கா." குடிப்பாரா? "இல்லக்கா." வீட்டில் துப்பாக்கி இருப்பது பயமாக இல்லையா? "ஏன் பயம்? சாமியா நெனச்சுக் கும்பிடறோமே!" என்று உரக்கச் சொல்லிப் போனை நீட்டினாள். ஆயுத பூஜைப் படம். கூடம் நிறைய விருந்தாளிகள். மணையில் புத்தகங்கள், லேப்டாப், கார் சாவி, அரிவாள்மணை. நடுவில் சந்தனப் பொட்டோடும் செவ்வந்திச் சரத்தோடும் அந்தத் துப்பாக்கி. அசடே, இப்படியா மாட்டிக்கொள்வாய் என்றுதான் முதலில் நினைத்தேன். பெட்டியை விட்டு எடுத்து ஊர் நடுவே கிடத்துவது எவ்வளவு பெரிய தப்பு என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அவள் அதே சிரிப்போடு அடுத்த படத்தைத் தள்ளினாள். அதே மணை. விருந்தாளிகள் இல்லை, புத்தகம் இல்லை, சாவி இல்லை. வாடிய சரத்தோடு துப்பாக்கி மட்டும் கிடந்தது, குழல் சமையலறையைப் பார்த்து. குரலைத் தாழ்த்தினாள். "விஜயதசமி அன்னிக்கு எல்லாத்தையும் எடுத்துட்டார். இத மட்டும் தீபாவளி வரைக்கும் எடுக்கலக்கா. எதிர்த்துப் பேசினா அதைத் திரும்பிப் பார்ப்பார், அவ்வளவுதான்." கதவைப் பார்த்துக்கொண்டே அவள் முடித்தாள்: "முதல் படத்தை அவரேதான் எல்லா குரூப்லயும் போட்டார். யார் வேணாலும் உங்களுக்கு அனுப்பியிருக்கலாம்ல? நான் காட்டினேன்னு தெரிய வேண்டாம்க்கா."

பஜனை

இனி அவளை அங்கே விட்டுவிட்டு நான் மட்டும் கிளம்புவது எப்படி? கூடத்துக்கு வந்தேன். "எல்லாம் ஓகேதானேக்கா?" என்றான். "பெட்டி பிரமாதம் தம்பி" என்றேன். அதில் பொய் இல்லை. பிறகு வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: "மாலா, பிளாக்ஹவுஸ் பே ஏரியால பஜனைன்னியே, நான் அந்தப் பக்கம்தான் போறேன், வர்றியா?" பஜனையும் இல்லை, ஒன்றும் இல்லை. அவள் கண்ணைக்கூட இமைக்கவில்லை. "ஆமாக்கா, மறந்தே போச்சு" என்று சோபாவுக்குப் பின்னாலிருந்து கைப்பையை எடுத்தாள்.

அவன் என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பையைப் பார்த்தான். என் வேலை போனாலும் பரவாயில்லை, இந்த வாசலைத் தாண்டினால் போதும் என்று இருந்தது. "பிரசாதம் கொண்டு வா" என்றான் கடைசியில். தெருமுனை திரும்பியதும் காரை நிறுத்தி, அலுவலகத்துக்குப் போன் செய்தேன். அன்று சாயங்காலமே போலீஸ் போய்த் துப்பாக்கியை எடுத்து வந்தது. நான் போன் பேசி முடிக்கும் வரை மாலா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். உன் துணிமணிக்கு என்ன செய்வது என்றேன். "பாஸ்போர்ட் பையிலதான் இருக்குக்கா. நீங்க வர்றீங்கன்னு தெரிஞ்சதும் எடுத்து வச்சுட்டேன்."

நம்ம ஆளு

அடுத்த சங்கக் கூட்டத்தில் அவன்தான் கதாநாயகன். பூஜை போட்டதற்குத் துப்பாக்கியைப் பிடுங்கிவிட்டார்களாம், நம் கலாச்சாரத்துக்கு இங்கே மதிப்பே இல்லையாம். அந்த வருத்தத்தில்தான் மனைவி கோபித்துக்கொண்டு போய்விட்டாளாம். துப்பாக்கி வைத்திருப்பது உரிமையா சலுகையா என்று வடைத் தட்டோடு பட்டிமன்றமே நடந்தது. பிள்ளைகள் மட்டும் போனைப் பார்த்தபடி, "ஹூ நீட்ஸ் அ கன்?" என்று கேட்டுவிட்டு நகர்ந்தார்கள்.

படத்தைக் காட்டிக் கொடுத்தது யார் என்று கேட்டார்கள். இரண்டாவது படத்தின் கதை எனக்கு வாய் வரை வந்தது. வடையை உள்ளே தள்ளி அடைத்துக்கொண்டேன். இப்போது மாலா வேறு ஊரில் வேலை பார்க்கிறாள், "எழுதுங்கக்கா" என்று அவளே சொன்ன பிறகுதான் எழுதுகிறேன். அன்றைக்கு ஒரு மாமி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "ஒரு சந்தனப் பொட்டைப் பொறுத்துக்க முடியலையா உங்களுக்கு? நீங்களும் நம்ம ஆளுதானே!"

ஆக, ரானுயிக்காரருக்கு நான் உண்மை சொன்னவரைக் கைவிட்டவள், மாசிக்காரருக்குப் பூட்டு மாற்ற வைத்தவள், சங்கத்துக்குச் சாமி கும்பிட விடாதவள். மாலா மட்டும் இந்த வருஷ ஆயுத பூஜைக்குத் தன் கார் சாவியை வைத்துக் கும்பிட்டு, மறுநாள் காலையிலேயே எடுத்துக்கொண்டாளாம்.