தண்ணி விழுதா, மதினி?

எழும்பூரில் வண்டி கிளம்பும்வரை மிஸ்ரியா பீவி சந்தோஷமாகத்தான் இருந்தாள். அதை நினைத்து நினைத்துத்தான் பிற்பாடு அவளுக்குக் கோபம் கூடியது.

ஊரைப் பார்த்து எட்டு மாதம் ஆகியிருந்தது. புருஷன் ஒலி முகம்மது மவுத்தான பிறகு, "தென்காசில தனியாக் கிடந்து என்ன செய்யப் போறீங்க உம்மா" என்று மகன் ஹுஸைஃபா மெட்ராஸுக்குக் கூட்டி வந்துவிட்டான். வந்து பார்த்தால், அவனும் பெண்டாட்டியும் விடிந்தால் வேலைக்குப் போய்ப் பொழுது அடைந்தால் திரும்புகிறவர்கள். இங்கேயும் தனியாகத்தான் கிடந்தாள். என்ன, ஆறாவது மாடியில் கிடந்தாள். "ஒரு எட்டு ஊருக்குப் போயிட்டு வாறேன்லே" என்று எப்போது கேட்டாலும், "பூட்டிக் கிடக்க வீடு உம்மா, ஒட்டடையும் பல்லியுமாத்தான் இருக்கும், அப்புறம் பாப்போம்" என்பான்.

போன வாரம் அவனே வாய் திறந்தான். "எனக்குத் தெரிஞ்ச ஒரு ஃபேமிலி சீசனுக்குக் குத்தாலம் போறாங்க. நம்ம வீட்டுலதான் தங்குவாங்க. நீங்களும் கூடப் போங்க. டிக்கெட் போட்டாச்சு."

தெரிந்த குடும்பம் என்றால் வெறுங்கையோடு வண்டி ஏற முடியுமா? காலையிலிருந்து நின்று புளிச்சோறு கிளறினாள். முட்டை அவித்தாள், உருளைக்கிழங்கு வறுத்தாள், சின்னப்பிள்ளை ஒன்று வருகிறது என்று ரவா லட்டும் பிடித்தாள். வண்டி தாம்பரம் தாண்டியதும் வாழையிலைப் பொட்டலம் ஒன்றை எடுத்து, எதிர் இருக்கையில் இருந்த ஸ்ரீவித்யாவிடம் நீட்டினாள்.

ஸ்ரீவித்யா முப்பது, முப்பத்திரண்டு வயதுப் பெண். பக்கத்தில் புருஷன், மடியில் கால் நீட்டிக்கொண்டு ஏழு வயது மகள் மீனு. பொட்டலத்தை வாங்காமல் அவள் கொஞ்சம் தயங்கினாள்.

"ஆன்ட்டி, ட்ரெய்ன்ல டின்னர் பேக்கேஜ்ல இல்லையே. இதுக்குத் தனியாக் குடுக்கணுமா?"

"எந்தப் பேக்கேஜு?"

"நாங்க புக் பண்ணது. ரூம், ட்ரெய்ன் டிக்கெட், அங்க வீட்டுல மூணு வேளை சாப்பாடு, உங்களோட வர்றது எல்லாம் சேர்த்து."

"என்னோட வாறதா?"

ஸ்ரீவித்யா போனைத் திருப்பிக் காட்டினாள். மிஸ்ரியாவின் வீட்டு வாசல் கேட். மிஸ்ரியாவின் கூடம். ஒலி முகம்மது வளைகுடாவில் தான் வேலை பார்த்த தம்மாமிலிருந்து சுமந்து வந்து மாட்டிய கடிகாரம். மாடியில் மலை தெரிகிற அவளுடைய அறை, அதில் அவளுடைய கட்டில், மேலே முன்பின் பார்த்திராத ஒரு பூப்போட்ட விரிப்பு. கடைசியாக அவளே இருந்தாள். போன பெருநாளன்று அடுப்படியில் நின்று பொரித்துக்கொண்டிருந்தபோது, "உம்மா, இங்கன பாருங்க" என்று ஹுஸைஃபா எடுத்த படம். கையில் சட்டுவம். முக்காடு நழுவிக் கழுத்து தெரிகிறது.

படத்துக்குக் கீழே இங்கிலீஷில் ஏதோ எழுதியிருந்தது. "என்னமா போட்டிருக்கு?" என்று கேட்டாள். மீனு எட்டிப் பார்த்து, எழுத்துக் கூட்டி வாசித்துத் தமிழில் சொன்னது: "மிஸ்ரியா ஆன்ட்டி கையால மூணு வேளையும் சூடான சாப்பாடு. ட்ரெய்ன்லயே உங்க கூட வந்து மலையெல்லாம் காட்டுவாங்க. ஆன்ட்டி எப்பவும் சிரிச்ச முகம்."

வாசித்துவிட்டுப் பிள்ளை அவள் முகத்தைப் பார்த்தது. "ஆனா நீங்க சிரிக்கவே இல்லையே?"

மிஸ்ரியாவுக்குக் கோபம் வந்தால் முதலில் காது மடல் சூடாகும். அது சூடானது.

"ஹுஸைஃபாவுக்குத் தெரிஞ்சவுகன்னுல்லா சொன்னான் உங்கள?"

"அவரை நாங்க நேர்ல பாத்ததே இல்ல ஆன்ட்டி. எல்லாம் மெசேஜ்லதான்," என்றான் ஸ்ரீவித்யாவின் புருஷன். பிறகுதான் ஏதோ சரியில்லை என்று உறைத்தது போலிருக்கிறது. பெண்டாட்டி கையிலிருந்த போனை வாங்கி அணைத்து வைத்தான்.

"சாப்பிடுங்க," என்றாள் மிஸ்ரியா. "இதுக்குக் காசு கிடையாது. இதைக் கிண்டும்போது எனக்கு ஒண்ணும் தெரியாது."

சாப்பிட்டு முடித்ததும் ஸ்ரீவித்யா இலைகளைச் சுருட்டி, அவளுடைய டப்பாக்களையும் வாஷ்பேசினுக்குக் கொண்டுபோய்க் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து வைத்தாள். "நீங்க கீழ படுங்க ஆன்ட்டி, நான் நடுவுல ஏறிக்கிறேன்" என்றாள். அந்த மரியாதை வேறு மிஸ்ரியாவை எரித்தது. முப்பது வருஷமாக அவள் வீட்டில் வந்து தின்றவர்களில் ஒருத்தி ஒரு டம்ளரைக் கழுவி வைத்ததுண்டா?

வாசுதேவநல்லூரில் பிறந்தவள் மிஸ்ரியா. தென்காசிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த முதல் வருஷம், ஆனி மாதம் பிறந்து சாரல் விழ ஆரம்பித்ததும் வீட்டுக்குப் போன் வந்தது. கொழுந்தி, ஒலி முகம்மதுவின் தங்கை, மதுரையிலிருந்து. "மதினி, தண்ணி விழுதா?" விழுது என்று சந்தோஷமாகச் சொன்னாள் புதுப்பெண். மறுநாள் வேனில் பதினாலு பேர் வந்து இறங்கினார்கள். அன்றைக்குப் பிடித்தது. பெருநாளைக்குக்கூட நலம் விசாரிக்காதவர்கள் ஆனி ஆடியில் மறக்காமல் விசாரித்தார்கள். கொழுந்தியின் சம்பந்தக்காரர்கள், தம்மாமில் ஒலி முகம்மதுவோடு ஒரே அறையில் இருந்தவர்களின் பெண்டாட்டி பிள்ளைகள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள். அவன் அங்கிருந்து போனில் சொல்லுவான்: "நல்லாக் கவனிச்சுக்கோ, எம் மானம் உங்கையிலதான் இருக்கு." அவன் மானம் இவள் கையில் இருந்தது, இவள் கை அம்மியிலும் சட்டியிலும் இருந்தது. வந்தவர்கள் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, சிமெண்டுத் தரையில் கால்தடம் பதித்துவிட்டு அருவிக்குப் போவார்கள். நனைந்து, நடுங்கி, பசித்துத் திரும்புவார்கள். கொடி முழுக்க அடுத்தவர் துண்டுதான் காயும். அவள் கடைசியாக அருவியில் நின்றது ஹுஸைஃபா கைப்பிள்ளையாக இருந்தபோது. அவனுக்கு இப்போது தலையில் முன்பக்கம் முடி கொட்டத் தொடங்கிவிட்டது.

அந்தப் பிள்ளைதான் இதைச் செய்திருக்கிறான்.

ராஜபாளையம் போனபிறகு வெளுத்தது. அவள் பல் விளக்கி, முக்காட்டைச் சரிசெய்து, ஜன்னலோரம் வந்து உட்கார்ந்தபோது அந்த மூன்று பேரும் ஆவலோடு கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிழக்கே என்ன இருக்கிறது? உடைமரமும் செங்கல் சூளையும்தான். மலை முழுவதும் மேற்கே, இவர்கள் முதுகுப்பக்கம், எதிர்ப்பக்க ஜன்னலுக்கு வெளியே நீலமாக எழும்பிக்கொண்டிருந்தது. உச்சியில் மேகம் உட்கார்ந்திருந்தது. அப்படி உட்கார்ந்தால் அருவியில் நல்ல தண்ணீர் என்று அர்த்தம்.

மலையெல்லாம் காட்டுவாங்க என்று போட்டிருக்கிறதே, அவனையே வந்து காட்டச் சொல்லு என்று அவள் பேசாமல் இருந்தாள்.

மீனுதான் கண்டுபிடித்தது. "அம்மா! மலை அந்தப் பக்கம்மா! எவ்ளோ பெருசு!" ஓடிப்போய்க் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு திரும்பி, "ஆன்ட்டி, நீங்க ஏன் சொல்லல?" என்று கேட்டது.

"அது அங்கனயேதான் நிக்கும். எங்கயும் ஓடிப் போவாது," என்றாள் மிஸ்ரியா. சொன்னபிறகு பிள்ளையின் முகத்தைப் பார்த்து ரவா லட்டு டப்பாவைத் திறந்து நீட்டினாள்.

சங்கரன்கோவில் தாண்டியதும் போன் அடித்தது. எடுத்துக்கொண்டு கதவோரம் போனாள். ஏசிப் பெட்டிக்குள் இல்லாத காற்று அங்கே முகத்தில் அடித்தது. ஈரக்காற்று, ஊர்க்காற்று. அதை அனுபவிக்கக்கூட அவளுக்கு நேரமில்லை.

"உம்மா, கெஸ்ட்டெல்லாம் ஓகேயா?"

"ஏலே, எம் படத்த யாரக் கேட்டுலே போட்ட?"

"பாத்துட்டீங்களா. அது... வீட்டு ஆளு இருக்காங்கன்னு தெரிஞ்சாத்தான் ஃபேமிலியா நம்பி வருவாங்க உம்மா."

"முக்காடு இல்லாம நிக்கேன்லே அதுல!"

"சைடுல இருந்து எடுத்ததுதான. பாதி முகந்தான் தெரியும்."

"அப்ப மிச்சப் பாதிய என்னத்துக்கு வச்சிருக்க? அதையும் சேத்துப் போடு."

"கோவப்படாதீங்க. சும்மா பூட்டிக் கிடக்க வீடுதான? எத்தன வருஷம் சொந்தக்காரங்க எல்லாம் ஓசில வந்து தின்னுட்டுப் போனாங்க. அப்பல்லாம் ஒரு வார்த்த கேட்டீங்களா? நாலு காசு வாற மாதிரி நான் செஞ்சா மட்டும் தப்பா?"

அவன் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் அவளை உலுக்கியது. கேட்கவில்லைதான். சீசனுக்குச் சீசன் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டே வடித்துக் கொட்டியிருக்கிறாள். பெற்ற பிள்ளை அதையெல்லாம் பார்த்துக்கொண்டே வளர்ந்திருக்கிறான். உம்மா வாயைத் திறக்கமாட்டாள் என்று நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறான்.

"அன்னைக்குக் கேக்கல. அதனால இன்னைக்கும் கேக்கமாட்டான்னு முடிவே பண்ணிட்ட, என்ன?"

"அப்படி இல்ல உம்மா..."

டவர் கிடைக்காமல் பேச்சு அறுந்தது. அறுந்ததும் நல்லதுதான். அடுத்து வாயில் வர இருந்தது நல்ல வார்த்தை இல்லை.

தென்காசி ஸ்டேஷன் வாசலில் ஆட்டோவோடு வீரபாகு நின்றான். ஒலி முகம்மது ஊருக்கு வரும்போதெல்லாம் சவாரி வந்தவன். "வாங்க அக்கா! எத்தன நாளாச்சு!" என்று பெட்டியை வாங்கியவன், நைந்த மஞ்சள் கயிற்றில் கட்டிய ஒரு சாவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து ஸ்ரீவித்யாவிடம் நீட்டினான். மிஸ்ரியா அந்தக் கயிற்றைப் பார்த்தாள். அவள் கட்டிய கயிறு.

"ஏ வீரபாகு, எங்க வீட்டுச் சாவி உங்கிட்ட என்ன செய்யுது?"

"சீசன் தொடங்குனதுல இருந்து நாந்தான வச்சிருக்கேன். வாரா வாரம் ஆளு வருதாவல்லா." அவன் பெட்டிகளை அடுக்கிக்கொண்டே பேசினான். "சமையலுக்கு நின்ன பொம்பள போன வாரம் நின்னுட்டா அக்கா. சம்பளம் பத்தலயாம். சாப்பாடு சரியில்லன்னு வந்தவங்க எழுதிப் போட்டுட்டாவளாம். ஹுஸைஃபா தம்பி ஒரே டென்ஷன். அப்புறம் நீங்க வாறீங்கன்னு சொன்னான். எனக்கும் நிம்மதியாச்சு."

தான் ஏன் திடீரென்று ரயில் ஏற்றப்பட்டோம் என்பது மிஸ்ரியாவுக்கு அப்போதுதான் விளங்கியது. எட்டு மாதமாகக் கேட்டும் கிடைக்காத ஊர்ப் பயணம் ஒரு சமையல்காரி நின்றதும் கிடைத்திருக்கிறது.

ஸ்ரீவித்யாவுக்கும் விளங்கியிருக்க வேண்டும். நீட்டிய சாவியை அவள் வாங்கவில்லை. மிஸ்ரியா வாங்கினாள்.

வீட்டில் ஒட்டடை இல்லை, பல்லியும் இல்லை. பளிச்சென்று இருந்தது. அவள் மாடிக்குப் போனாள். அவளுடைய அறைக் கதவில் எண் ஒட்டியிருந்தது. பக்கத்தில் பழைய பாத்திரம் போட்டு வைக்கிற அறையில் ஒரு மடக்குக் கட்டில் விரித்து, தலையணை போட்டு, அவளுடைய பீரோச் சாமான்களை மூட்டையாகக் கட்டி மூலையில் வைத்திருந்தார்கள்.

"தம்பிதான் போடச் சொன்னான்," என்றான் பின்னால் வந்த வீரபாகு. இப்போது அவன் குரல் இறங்கியிருந்தது.

மிஸ்ரியா அந்த மூட்டையைத் தூக்கி வந்து தன் கட்டிலில் போட்டாள். பூப்போட்ட விரிப்பை உருவி எறிந்தாள். ஜன்னலைத் திறந்தாள். மலை அங்கேயேதான் நின்றது. பிறகு கீழே வந்து, கூடத்தில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்த மூவரிடமும் சொன்னாள்:

"மாடில மலை பாத்த ரூம் என்னோடது. அதுல யாருக்கும் இடமில்ல. கீழ ரூம்ல நீங்க ரெண்டு நாளும் இருந்துக்கோங்க. காசு குடுத்து வந்திருக்கீங்க, உங்க மேல ஒண்ணும் இல்ல. ஆனா நான் சமைக்க மாட்டேன். தெரு முக்குல ஹோட்டல் இருக்கு, இட்லி நல்லாருக்கும். சாப்பாட்டுக்கும் மாடி ரூமுக்கும் கட்டுன காசெல்லாம் எம் மவங்கிட்டக் கேட்டு வாங்குங்க. சண்ட போட்டே வாங்குங்க."

"சரி ஆன்ட்டி," என்றாள் ஸ்ரீவித்யா. "நீங்க?"

"குளிக்கப் போறேன். ஏ வீரபாகு, பஜார்ல போயி வாசலுக்கு ஒரு புதுப் பூட்டு வாங்கிட்டு வா. சாவி ரெண்டையும் எங்கையில குடு. அந்தப் படத்த இன்னைக்குள்ள எடுக்கலன்னா மெட்ராசுக்கே வந்து பேசுவேன்னு உன் தம்பிட்டச் சொல்லு. எங்கிட்ட அவன் இப்பப் பேசாண்டாம்."

ஒரு துண்டும் மாற்றுச் சேலையும் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். ஐந்தருவியில் இறங்கும்போதே சத்தம் கேட்டது. ஐந்து வாயும் நிரம்பி, வெள்ளையாக இடித்துக்கொண்டு விழுந்தது. பெண்கள் பக்கம் நல்ல கூட்டம். கூச்சலும் சிரிப்புமாக இருந்தது. இவளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. காது மடல் இன்னும் சூடாகத்தான் இருந்தது.

செருப்பைக் கழற்றும்போது போன் அடித்தது. ஹுஸைஃபாவோ என்று பார்த்தாள். இல்லை, மதுரைக் கொழுந்தி.

"மதினி! ஊருக்கு வந்துட்டீங்கன்னு ஹுஸைஃபா சொன்னான். நல்லதாப் போச்சு, பிள்ளைகளுக்கு ரெண்டு நாள் லீவுதான். தண்ணி விழுதா?"

மிஸ்ரியா அருவியைப் பார்த்தாள். சாரல் முகத்தில் தெறித்தது.

"இல்ல," என்றாள். "பாறை காஞ்சு கிடக்கு."

"என்ன மதினி, இரைச்சலாக் கேக்கே?"

"பஸ்ஸு," என்று சொல்லிவிட்டு, போனை அணைத்துப் பைக்குள் போட்டு, முன்னால் நின்ற பொம்பளைகளை இடித்துக்கொண்டு உள்ளே போனாள்.